கோமதி கேட்காத நான்கு பக்கங்கள்

பிள்ளைகளே, இன்று தபாலாபீசில் ஊதா மையின் மணம் பட்டதும், வலியசாலையில் இப்போது இல்லாமல் போன எங்கள் பள்ளியின் நூலக அறை நினைவுக்கு வந்தது. இன்னும் கையெழுத்துப் போட வராத சின்னப் பிள்ளைகளான நாங்கள் அங்கே பெருவிரலை மையில் ஒற்றி, பேரேட்டில் ரேகை வைத்துத்தான் புத்தகம் வாங்குவோம். ஒரு பெஞ்சில் ஒருவர் திருப்பித் தராவிட்டாலும் மற்றவர்களுக்குப் புதுப் புத்தகம் கிடையாது. அதனால்தான், புத்தகத்தைத் திருப்பித் தராமல் காய்ச்சலில் கிடந்த என் பெஞ்சுத் தோழி கோமதியின் வீட்டுக்கு ஓடினேன்.

"நாலு பக்கந்தான்டா பாக்கி. நீ மெள்ள வாசி, கேட்டோ. நான் படுத்துண்டே படம் பாக்கறேன்."

"போடி, உன்னாலே பெஞ்சுக்கே புஸ்தகம் இல்லே!" என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் காய்ச்சலிலேயே கோமதி இறந்துபோனாள். அடுத்த வாரம் அதே புத்தகத்தை வாங்கி, பெஞ்சில் அவள் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான்கு பக்கங்களையும் மெள்ள வாசித்தேன்.