ரீச்சருக்கு ஒரு பக் குட்டி

அந்தக் கடதாசி நாலாக மடிக்கப்பட்டு ரீச்சரின் கைப்பைக்குள் இருந்தது. மட்டக்களப்புக்குப் போன பஸ்ஸில், கல்லாற்றைத் தாண்டியதும் அதை எடுத்து என்னிடம் நீட்டினார். நாய்க்குட்டி வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைக் கல்முனை மிருக வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார். தாயையும் பார்க்கவும். கண்ணில் பீளையோ கீறலோ இருக்கிறதா என்று பார்க்கவும். முகத்து மடிப்புகளை விரித்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவும். ஓடவிட்டுப் பார்க்கவும். கடைசி வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்: மூச்சைக் கேட்கவும். அதை வாசித்த பிறகுதான் என்னை ஏன் கூட்டிப் போகிறார் என்பது எனக்கு விளங்கியது.

எழுபதுகளின் கடைசியில் கல்முனைப் பள்ளிக்கூடமொன்றில் நாங்கள் இருவரும் படிப்பித்தோம். நான் நியமனம் பெற்று வந்த புதிது. அவர் பாண்டிருப்பைச் சேர்ந்தவர், கணித ரீச்சர், தனியாக வாழ்ந்தவர். அவருடைய வலது காது முற்றாகப் போய்விட்டிருந்தது, இடது காதும் போய்க்கொண்டிருந்தது. எதிரில் நிற்பவரின் வாயசைவைப் பார்த்தே சமாளித்துவிடுவார். தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் யாருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் பின்னால் நின்று மூன்று தரம் கூப்பிட்டும் அவர் திரும்பாததால் எனக்கு மட்டும் தெரிந்துபோனது.

அந்த வருடம்தான் அவருடைய தம்பி பதுளையில் இறந்துபோனார். தந்தி கொண்டுவந்தவன் படலையில் நின்று கூப்பிட்டுவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று திரும்பிப் போயிருக்கிறான். ரீச்சர் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்திருக்கிறார். விஷயம் தெரிந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள். அதற்குப் பிறகுதான் நாய் வளர்க்கும் யோசனை வந்தது. வேலியில் நின்று குரைக்கும் நாயால் அவருக்குப் பயனில்லை. ஆள் வந்தால் ஓடிவந்து சேலையைப் பிடித்து இழுக்கும் நாய் வேண்டும். தம்பி வீட்டில் முன்பு அப்படியொரு சப்பை முகத்துச் சின்னப் பக் நாய் இருந்ததாம். பெரிய நாயென்றால் நீ என் வீட்டுப் பக்கமே வரமாட்டாய் என்றும் என்னிடம் சொன்னார். அது உண்மைதான். நாங்கள் முஸ்லிம்கள், எங்கள் குடும்பத்தில் எவரும் நாயைத் தொட்டதில்லை.

கல்லடிப் பாலம் கடந்து, வாவிக்கரையோரம் இருந்த ஒரு பறங்கியரின் வீட்டுக்குப் போனோம். ஓய்வு பெற்ற மனிதர், பக் நாய்களை வளர்த்து, குட்டிகளைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்பவர். கேட்டவுடன் தாயைக் கொண்டுவந்து காட்டினார். சப்பை மூக்கும் சுருண்ட வாலுமாக அது எங்களை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று குட்டிகள். அதில் கொழுத்த ஆண்குட்டியை அவர் பெருமையோடு தூக்கி ரீச்சரின் மடியில் வைத்தார். அது இரண்டு தரம் சுற்றிவிட்டு அங்கேயே நித்திரையாகிவிட்டது. ரீச்சரின் முகம் கனிந்துபோயிற்று. தம்பி இறந்த பிறகு அவர் முகத்தை அப்படி நான் பார்க்கவில்லை. அவர் மனம் முடிவெடுத்துவிட்டது என்று தெரிந்தது.

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, அந்தக் குட்டியின் மூக்கருகே காதை வைத்தேன். சோடாப் போத்தலின் கடைசிச் சொட்டைக் குழாயால் உறிஞ்சுவதுபோல ஒரு சத்தம். நித்திரையிலும் அது மூச்சுக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. மற்ற இரண்டையும் கேட்டேன். ஒன்றுக்கு இலேசான இழுப்பு. மற்றது மெலிந்த பெண்குட்டி, முற்றம் முழுக்க ஓடி எங்கள் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துத் தரச் சொல்லிக் கேட்டேன். அத்தனை ஓட்டத்துக்குப் பிறகும் கடதாசியை விரலால் தடவுவதுபோன்ற சத்தம்தான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் காதை நக்கிவிட்டது.

நிமிர்ந்தேன். ரீச்சர் மடியிலிருந்த குட்டியின் தலையைத் தடவியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு புள்ள. நான் உன்ட வாயத்தான் பாத்துக்கிட்டிருக்கன்."

"இது வேணாம் ரீச்சர். மூச்சு இழுக்குது. அந்த மெலிஞ்ச குட்டி நல்லம்."

ரீச்சர் அந்தக் குட்டியை இரண்டு கையாலும் ஏந்தி மனிதரிடம் கொடுத்தார். அவர் கோபப்படவில்லை. அதைத் தன் காதருகே பிடித்துக் கேட்டார். "ஓம், இழுக்கத்தான் செய்யுது. இவன் என்னோடயே இருக்கட்டும்" என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார். பெண்குட்டியை வாங்கிக்கொண்டு நாங்கள் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து கிணற்றடிக்குப் போனேன். நாய் நக்கிய காதை மார்க்கம் சொன்னபடி ஏழு தரம் கழுவினேன், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். உம்மாதான் அள்ளி ஊற்றினா. நாய்க்கு எப்படிக் காது எட்டியது என்று கேட்டா. குனியும்போது பட்டுவிட்டது என்று பொய் சொன்னேன். ரீச்சரின் இரகசியத்துக்காக நான் உம்மாவிடம் சொன்ன ஒரே பொய் அது. உம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. ஏழாவது வாளியை ஊற்றிவிட்டு, "நல்ல குட்டியாப் பாத்து எடுத்தயா?" என்று மட்டும் கேட்டா.

ரீச்சர் தன் சேவைக் காலம் முடியும்வரை படிப்பித்துவிட்டே ஓய்வு பெற்றார். நான் கல்யாணம் முடித்துக் கொழும்புக்குப் போய்விட்டேன். எண்பதுகளின் கடைசியில் ஊருக்கு வந்தபோது பாண்டிருப்புக்குப் போனேன். யுத்தம் நடந்த பிரச்சினையான காலம். தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. படலையில் நின்று கூப்பிட்டேன். வாய் நரைத்த அந்த நாய் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தது. குரைக்கவில்லை. திரும்பி மெல்ல உள்ளே போனது. சற்று நேரத்தில் ஈரக் கையோடு ரீச்சர் வந்தார். சேலைத் தலைப்பு நாயின் வாயில் இருந்தது.

என்னைக் கண்டதும் சிரித்தார். உடனே குனிந்து, நான் உள்ளே வருவதற்காக நாயைச் சங்கிலியில் கட்டப் போனார்.

"கட்டாதீங்க ரீச்சர்" என்றேன்.

அவர் நாயின் கழுத்துப் பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து என் வாயைப் பார்க்கும்வரை நின்று, திரும்பவும் சொன்னேன்.