சூசைமேரி மூன்று தரம் கேட்பார்

“ஆன் எக்” என்று சொல்லி ஒரு முட்டையை உடைக்கிறார் சூசைமேரி. அடுத்ததை உடைக்கும்போது “டூ எக்ஸ்” என்கிறார். “ரெண்டாயிட்டா ‘ஆன்’ கழண்டுக்கும்ங்ணா” என்று என் பக்கம் திரும்பாமலே தகவல் சொல்கிறார். எதிரே மிக்ஸியில் செல்போனைச் சாய்த்து வைத்திருக்கிறார். அதில் டை கட்டிய ஒருவர் இங்கிலீஷ் பாடம் நடத்துகிறார். எண்ணெய் தெறித்துத் தெறித்து அந்த வாத்தியார் முகம் எப்போதும் மங்கல்தான்.

பெருந்துறையில் துணி நெய்கிற ஒரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸ் இது. நான் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். காலை டிபன் எனக்கு இந்தச் சமையல்கட்டு ஸ்டூலில்தான். மேரிக்கு நாற்பத்தெட்டு வயது. சொந்த ஊர் கோயமுத்தூர். முதல் எட்டு வருஷம் கம்பெனி கேன்டீனில் வெங்காயம் உரித்தார். பிறகு பதினொரு வருஷமாக இங்கே சமையல், பரிமாறல் எல்லாம் அவர்தான். அடுப்பைப் பற்றவைக்கும் முன் சிலுவை போட்டுக்கொள்வார், அணைத்த பின் ஒருமுறை. நடுவில் போட்டால் குழம்பில் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இங்கிலீஷ் வந்தது போன மாசம். மேனேஜர் கோவிந்தராஜுலு ஒரு கேட்டரிங் ஏஜென்சியின் விசிட்டிங் கார்டோடு வந்தார். கோட்டுப் போட்ட பையன்கள் இங்கிலீஷில் பேசிப் பரிமாறுவார்களாம். “டென்மார்க்குல இருந்து ஒருத்தர் தறி பூட்ட வாராருங்க மேரிம்மா. பத்து நாள் இருப்பாரு. போறப்ப கெஸ்ட் நோட்டுல அவர் என்ன எழுதறாரோ, அதப் பாத்துப்போட்டு முடிவு பண்ணிக்கலாமுங்க” என்றார். கார்டை அந்த நோட்டுக்குள்ளேயே செருகி வைத்துவிட்டும் போனார்.

மேரி அழவில்லை. மார்க்கர் பேனா ஒன்று வாங்கிவந்தார்.

இரண்டே நாளில் சமையல்கட்டு பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. முட்டைத் தட்டில் ‘ஆன்’. வாழைப்பழக் கூடையில் ‘ஏ’. மேசைக்குப் போகும் உப்புக் கிண்ணத்தில் ‘தி’. டீத்தூள் டப்பாவில் ‘ஏ கப் ஆஃப்’ என்று ஒரு ரயிலே ஓடியது. அரிசி டின் மூடியில் மட்டும் ஒன்றும் இல்லை. “சோத்த யாருங்ணா எண்ணறாங்க? அதுக்கு ஒண்ணும் வேண்டியதில்ல.”

வாத்தியார் சொன்னதை எல்லாம் மேரி தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டார். பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர் மூன்றுக்கும் முன்னால் ‘ஏ’ வராது. ஏன் என்று கேட்டேன்.

“அவங்க ஊட்டு ஆளுங்கங்ணா. தெனமும் வர்றவங்களுக்கு எதுக்கு வரவேற்பு? ‘பிக் பிரேக்ஃபாஸ்ட்’னு பட்டம் கட்டிக்கிட்டு வந்தா அன்னைக்கு அவரு விருந்தாளி. அப்ப ‘ஏ பிக் பிரேக்ஃபாஸ்ட்’.”

“அப்ப ‘தி’?”

“ஒருக்கா பேச்சுல வந்துபோனவங்களுக்கு. மொதல்ல ‘ஏ தோசை’. தட்டுல உழுந்தப்பறம் ‘ஹவ் இஸ் தி தோசை?’ இப்ப நீங்க சொல்லுங்க பாக்கலாம். லஞ்ச் சாப்பிட வாங்கன்னு அவர எப்படிக் கூப்புடுவீங்க?”

“கம் சார், ஈட் தி லஞ்ச்.”

“அப்படியே ஏர்ப்போர்ட்டுக்குத் திரும்பிருவாரு மனுசன். நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்ணா.”

நான் ஏழாவதோடு நின்றவன். வாயை மூடிக்கொண்டு தோசையைத் தின்றேன்.

டென்மார்க்காரர் பெயர் யோனாஸ். வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். இடுப்பு மட்டும் ஒரு சாண். முதல் நாள் அரிசிம்பருப்பு சாதம், நெய், கொள்ளு ரசம். மேரி புதுச் சேலையில் போய் நின்று, “லஞ்ச் இஸ் ரெடி சார். வுட் யூ லைக் ஏ பப்படம்?” என்றார். ஓர் எழுத்து கூடவில்லை, குறையவில்லை. யோனாஸ் முகம் மலர்ந்துபோயிற்று.

தட்டு காலியானதும், “வுட் யூ லைக் சம் மோர் ரைஸ்?”

“நோ, தேங்க் யூ.”

மேரி நகரவில்லை. அதே கேள்வியை மறுபடி கேட்டார். மறுபடியும் ‘நோ’. மூன்றாம் தரமும் கேட்டார். யோனாஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ‘எஸ்’ என்றார்.

எங்கள் பக்கத்தில் இது மரியாதை. முதல் ‘போதும்’ கூச்சத்தில் வருவது, இரண்டாவது ‘போதும்’ நாகரிகத்துக்கு. மூன்றாவதில்தான் வயிறு பேசும். ஒருதரம் கேட்டுவிட்டு நகர்ந்தால், சோறு பற்றாக்குறை என்று வந்தவர் நினைத்துக்கொள்வார். டென்மார்க்கில் முதல் ‘நோ’விலேயே வயிறு பேசிவிடும்போல. அது மேரிக்குத் தெரியாது, எனக்கும்தான்.

நான்கு நாள் இப்படியே ஓடியது. எங்கள் ஊர் இடியாப்பமான சந்தகை, தேங்காய்ப்பால், மறுபடி சந்தகை. ஐந்தாம் நாள் மதியம் யோனாஸ் வேனில் ஏறி, ‘ரவுண்டு, ரவுண்டு’ என்று விரலைச் சுற்றிக் காட்டினார். சிப்காட் தொழிற்பேட்டையை நான்கு சுற்றுச் சுற்றினேன். ஐந்தாவது சுற்றில் ஒரு புங்கமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். மணி மூன்றாகிவிட்டது. லஞ்சுக்கு அவர் போகவே இல்லை.

நான் திரும்பி வந்தபோது மேரி சமையல்கட்டில் ஒரு பழைய காலண்டர் தாளின் முதுகில் ‘ஹேவ் டின்னர்’ என்று எழுதிக்கொண்டிருந்தார். பாதித் தாள் முடிந்திருந்தது.

“நேத்து ‘ஹேவ் ஏ டின்னர்’னு வாய் தவறிப்போச்சுங்ணா. அந்த ‘ஏ’தான் அவருக்குக் குத்தியிருக்கோணும். பழையபடி வெங்காயந்தான் எனக்கு.”

மறுநாள் காலை வேனில் யோனாஸிடமே கேட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘வெல்கம் சார்’, ‘ஏசி ஓகே?’ இரண்டுதான். மீதியைக் கையால் கேட்டேன். அவரும் கையால்தான் பதில் சொன்னார். வயிற்றைத் தட்டினார். பெல்ட்டைக் காட்டினார், கடைசி ஓட்டைக்கு வந்திருந்தது. பிறகு மூன்று விரலை நீட்டி, “மேடம் ஆஸ்க், த்ரீ டைம்ஸ்” என்று கும்பிட்டார்.

போதும் என்றால் இங்கே என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். தட்டுக்கு மேல் உள்ளங்கையை விரிக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் தட்டாக வைத்துக்கொண்டு நான்கு தரம் பழகினார்.

மேரியிடம் விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“இங்கிலீஷ் தப்பில்லீங்களா?”

“இங்கிலீஷ் சுத்தம் அம்மணி. அதனாலதான் அந்தாளுக்கு மறுக்க வாய் வரல. ஒருக்கா கேட்டுப்போட்டு வந்துருங்க.”

“ஒருக்கா கேட்டுப்போட்டுத் திரும்பி வர்றதா? சோறு போடறவ மொகம் அதுக்கு எப்படிங்ணா ஒத்துக்கும்?”

ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஒருதரம்தான். கேட்டுவிட்டு விறுவிறுவென்று சமையல்கட்டுக்குள் வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார். யோனாஸும் வேளை தவறாமல் வந்து, அளவாகத் தின்று, அளவாக எழுந்து போனார். இரண்டு பேர் முகத்திலும் களை இல்லை.

பத்தாம் நாள் மதியம் கோவிந்தராஜுலு கெஸ்ட் நோட்டோடு வந்து யோனாஸுக்கு எதிரே உட்கார்ந்தார். அன்றைக்கும் அரிசிம்பருப்பு சாதம். மேரி போய், “வுட் யூ லைக் சம் மோர் ரைஸ்?” என்றார். யோனாஸ் “நோ, தேங்க் யூ” என்று சொல்லி உள்ளங்கையைத் தட்டுக்கு மேல் விரித்தார். மேரி திரும்பி வந்துவிட்டார்.

யோனாஸின் கை மட்டும் அங்கேயே நின்றது. கேள்வி இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“இஸ் தி ரைஸ் ஃபினிஷ்ட்?”

“நோ சார்” என்று மேரி உள்ளேயிருந்து சொன்னார்.

யோனாஸ் மெதுவாகக் கையை எடுத்தார். எடுத்து, தட்டை ஒரு விரற்கடை முன்னால் தள்ளினார். மேரி கிண்ணத்தோடு போன வேகத்தில் ஸ்டூலில் இருந்த நான் காலை இழுத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு எழுந்து யோனாஸ் நோட்டில் நின்றபடியே எழுதினார். பெட்டியை எடுக்க அறைக்குப் போனார். கோவிந்தராஜுலு உதட்டை அசைத்துப் படித்தார். மேரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னங் எழுதியிருக்காரு?”

“சாப்பாட்டப் பத்தி நல்லாத்தான் நாலு வரி. அதுக்கும் கீழ ஒண்ணு.” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “கேக்கறத நிறுத்த வேண்டாமாமுங்க. கொஞ்சம் கொறைச்சுக்கிட்டாப் போதுமாம்.”

நோட்டிலிருந்த ஏஜென்சி கார்டை எடுத்து நான்காக மடித்தார். குனிந்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கடியில் செருகினார். மேசையை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு, “எனக்கும் ஒரு தட்டு வைங்க மேரிம்மா” என்றார்.

மேரி உள்ளே வந்து சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மார்க்கரைத் தேடி எடுத்தார். ஒன்றுமே எழுதாதிருந்த அரிசி டின் மூடியில் வரிசையாக மூன்று கோடு கிழித்தார். பெருவிரலை முந்தானையில் சுற்றி, கடைசிக் கோட்டை மட்டும் துடைத்தார்.