தரகர் விட்ட வாக்கும் மாடிப்படிக் கதவும்

வீட்டை வாடகைக்கு விடுவது சுலபம். நம் பெயரால் தரகர் என்னென்ன சொல்லிவைத்தார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. குழந்தை தூங்குகிறான், அவன் அப்பா நைட் ஷிஃப்ட். மாடிப்படிக்கு மேலே, தினமும் போல இன்றும், ஏதோ 'கரக்'கென்று இழுபட்டு நின்றது. பயத்தில் தூக்கம் போய்விட்டது. மாடியை வாடகைக்கு விட்டு விழிக்கும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

கடல் எந்தப் பக்கம்?

மாடி காலியாக இருந்தபோது விழுப்புரத்திலிருந்து ஒரு குடும்பம் பார்க்க வந்தது. உழவர்கரையில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் தெரியும். அதற்குப் பின்னால் இன்னொரு டேங்க். பெரியவர் நாலு பக்கமும் சுற்றிவிட்டு இறங்கி வந்தார். "கடல் தெரியும்னு நீங்க சொன்னதா புரோக்கர் சொன்னாரே, எந்தப் பக்கம்மா?"

நாக்கு யாருடையது?

பிறகு நர்ஸ் செல்வி குடிவந்தாள். அவளுக்கென்று வெளியே இரும்புப் படி இருக்கிறது. ஆனால் என் கூடத்தில் வந்து இறங்கும் உள்படியும் பொது, அதன் கதவைத் தாழிட மாட்டார்கள் என்று சொல்லித்தான் புரோக்கர் முடித்திருக்கிறார். அவரவர் நாக்குக்கு அவரவரே பொறுப்பு என்றுதான் கான்வென்ட்டில் மதர் சொல்லிக்கொடுத்தார். அடுத்த தெரு வக்கீலம்மாவிடம் அதைச் சொன்னேன். சிரித்தார். புரோக்கரோடு நான் தனியாகச் சண்டை போடலாமாம். நம்பி வந்தவளிடம் எனக்குத் தெரியாது என்று கையை விரிக்க முடியாதாம். அப்போ அந்தக் கடல், என்று இழுத்தேன். "வீடு காட்ட நீங்க வெச்ச ஆளு வீட்டைப் பத்திச் சொன்னது. நம்பிக் குடிவந்திருந்தா கடலுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். கதவை மூடணும்னா அந்தப் பொண்ணைக் கேளுங்க."

அந்தச் சத்தம்

கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். அவளைத் தேடி யார் வந்தாலும் உள்படி இறங்கினால் என் பையனின் தொட்டில்தான். இதுவரை எழுதிவிட்டு, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு உள்படி ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். மறுபடி அதே சத்தம். கதவு திறந்தது, செல்வியின் கையில் ஒரு நாற்காலி. தாழிட்டுக்கொள்ளட்டுமா என்றேன்.

"நான் எங்க திறந்து வைக்கச் சொன்னேன் அக்கா? அந்த புரோக்கர்தான் தானா சொன்னாரு. நீங்க நம்பித் திறந்து வெச்சிருக்கும்போது எப்படி வேணாங்கறது? ராத்திரியானா பயந்துகிட்டு நாற்காலிய முட்டுக் குடுத்துட்டுப் படுக்கறேன்."

ஒருவர் விட்ட வாக்குக்கு ஒரே கதவின் இரண்டு பக்கமும் நாங்கள் காவலிருந்திருக்கிறோம் என்று நினைத்தபடி, என் பக்கத்துத் தாழ்ப்பாளைப் போட்டேன்.