மகளின் முதுகில் இரண்டு சிவப்பு வட்டம்

என் மகளின் கிட்னி இரண்டையும் பள்ளிக்கூடத்தில் வைத்தே எடுக்கப் போகிறார்கள் என்று ஒரு புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை காலை வரை நான் நம்பினேன். சும்மா இல்லை, சோறு இறங்காமல் நம்பினேன். நான் ஊரையே கேலி பண்ணித் திரிகிறவன். எவனாவது காலில் ஏறிய அட்டைக்குப் பயந்து துள்ளினால்கூட ஒரு வாரத்துக்கு அவனை நடித்துக் காட்டுகிறவன். அதனால் இதை நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

மகள் அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தவள் பையைக் கழற்றிக் கட்டிலில் எறிந்துவிட்டுத் திரும்பினாள். வெள்ளைச் சட்டையின் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, பக்கத்துக்கு ஒன்றாகச் சிவப்புச் சோக்கில் இரண்டு வட்டம்.

“என்ன புள்ள அது முதுகுல?”

“கிட்னிப்பா.”

“யார் போட்டது?”

“டீச்சர்தான் ஆளுக்காள் போடச் சொன்னாங்க. வலது பக்கத்துது கொஞ்சம் கீழ இருக்கணுமாம். எனக்குச் சரியா இருக்குன்னாங்க. மிச்ச வேல வெள்ளிக்கிழமதான்.”

சொல்லிவிட்டு முகம் கழுவப் பீலித் தண்ணீருக்குப் போய்விட்டாள்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் சிரித்திருப்பான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது முடியாது. மலையில் ஒரு சவுக்கு மரத்தில் சிவப்பு வட்டம் விழுந்தால் அந்த வாரமே வாள் வரும். வெட்டுவதற்கு இரண்டொரு நாள் முன்பே அடையாளம் போடுவார்கள். போட்டதற்குப் பிறகு யார் சொன்னாலும் நிற்காது. நாற்பத்தேழு வருசமாக நான் பார்த்த சிவப்பு வட்டத்துக்கெல்லாம் ஒரே அர்த்தம்தான். போதாததற்கு, கிட்னிக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அப்போது நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சை என் ஆட்டோவில் ஏறியவர்களுக்கெல்லாம் கையும் காலும் வைத்துச் சொன்னதில் எனக்கும் பங்கு உண்டு.

கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்த மனைவிக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். ‘இருக்கிற ஒரு புள்ளயக்கூடப் பாத்துக்கத் தெரியலையா’ என்பாள். வைத்துவிட்டேன்.

மகளை வியாழக்கிழமை அனுப்பவில்லை. வயிற்றுவலி என்று சொல்லச் சொன்னேன். “எனக்கு வலிக்கலையே” என்று அழுதாள். இந்த டீச்சர் வருவதற்கு முன்னால் வாரத்துக்கு இரண்டு முறை தானாகவே வயிற்றுவலி கண்டுபிடித்தவள் அவள். பொகவந்தலாவைப் பக்கமிருந்து வந்த இந்த டீச்சருக்குப் பிறகுதான் மழையோ மண்சரிவோ பார்க்காமல் ஓடினாள். அதுவும் அன்றைக்கு எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. ஏன் இப்படி வசியம் பண்ணி வைத்திருக்கிறாள்?

லயத்தில் எங்கள் சுவருக்கு அடுத்த காம்பிராவில் குடியிருந்தவர் என் கூட்டாளி. நாங்கள் ஒரே வகுப்பில் ஒன்றாக அடி வாங்கியவர்கள். அவர் தோட்டக் கமிட்டிக்குத் தலைவர். அதைவிடப் பெரிய விசயம், அவருக்குச் சிங்களம் எழுத வரும். பிறப்புப் பத்திரம், பொலிஸ் முறைப்பாடு, சேமலாப நிதி, எங்கள் லயத்திலிருந்து மேலே போகிற எந்தக் கடிதமும் அவர் கையால்தான் போகும். நான் சிங்களத்தில் சண்டை போடுவேன், பகிடி விடுவேன். வாசிக்கச் சொன்னால் பஸ் பலகையைத் தாண்ட மாட்டேன்.

அவரிடம் போய் அழுதேன். மூக்கு ஒழுக அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

“இது சின்ன விசயம் இல்ல மச்சான். எழுத்துல குடுக்கணும்.”

“போய் டீச்சர்கிட்டயே கேட்டா என்ன?”

“கேட்டா ஒத்துக்குவாங்களா? நீ சும்மா இரு. யார்கிட்டயும் வாயத் தொறக்காத.”

இரண்டு பக்கம் சிங்களத்தில் எழுதினார். அழகான கையெழுத்து, முறுக்கு பிழிந்த மாதிரி.

“என்ன எழுதியிருக்க?”

“வெளக்கம் கேட்டுத்தான். வேறென்ன? மொதல்ல ஒன் கையெழுத்தப் போடு. பாதிக்கப்பட்டவன் நீதானே. மத்தவங்கள நான் பாத்துக்கிறேன்.”

போட்டேன். பேனாவை அழுத்திப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மகள் என் பேச்சைக் கேட்கவில்லை. நான் வண்டி துடைத்துக்கொண்டிருந்தபோதே குறுக்குப் பாதையால் ஓடிவிட்டாள். நானும் ஓடினேன். ஆட்டோ வைத்திருக்கிறவன் ஏன் ஓடினான் என்று கேட்காதீர்கள். ஆட்டோ ஞாபகமே வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஈரமண்ணில் முழங்காலைப் பதித்து, ஜன்னல் ஓரமாகத் தலையை மட்டும் உயர்த்திப் பார்த்தேன்.

தரையில் பிரித்துப் போட்ட அட்டைப் பெட்டிகள். அதன்மேல் ஒரு பையன் மல்லாந்து படுத்திருக்க, இரண்டு பேர் அவனைச் சுற்றிக் கோடு இழுத்தார்கள். அவன் கூச்சம் தாங்காமல் சிரித்துச் சிரித்துக் கோட்டைக் கெடுத்தான். ஒரு பிள்ளை அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலுக்குள் இரண்டு பலூனை ஊத வைத்து, “நொரையீரல் மூச்சு விடுது பாருங்க” என்றது. குடலுக்காக ஒரு கயிறு வகுப்பின் இந்தச் சுவரில் தொடங்கி, அந்தச் சுவரைத் தொட்டு, மறுபடி பாதி தூரம் திரும்பி வந்திருந்தது. என் மகள் மேசையில் தேயிலை வடிகட்டும் தட்டுக்கு மேலே துணியைப் போட்டுச் சேற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். கீழே கிளாசில் தண்ணீர் தெளிந்து விழுந்தது.

“இதுதான் கிட்னி செய்ற வேல,” என்றாள் வகுப்புக்கு, பெரிய மனுசி மாதிரி. அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள். “டீச்சர், எங்கப்பா!”

டீச்சர் கோபப்படவில்லை. “வாங்கண்ணே. சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. பெரிய ஆள் ஒருத்தர் இல்லாம இருந்தோம்,” என்று உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். மகள் புனலில் செருகிய ரப்பர் குழாயை என் நெஞ்சில் வைத்துக் கேட்டாள். இன்னொரு பிள்ளை கடிகாரம் பார்த்தது.

“நூத்தி முப்பத்தி ரெண்டு டீச்சர்!”

“ஐயோ அண்ணே, எங்கயிருந்து ஓடி வந்தீங்க?”

“லயத்துல இருந்து. சும்மா… பாடத்துக்கு ஒதவியா இருக்கட்டும்னு.”

வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் முட்டாளாக இருந்ததில்லை.

அங்கிருந்து நேராகக் கூட்டாளி வீட்டுக்குத்தான் போனேன், கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று. அவர் இல்லை. அவர் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“காலையில மொத பஸ்ஸுக்கே ஹட்டனுக்குப் போயிட்டாரேண்ணே. கடிதாசிய கல்வி ஒப்பீஸ்லயே குடுக்கணும்னு. ஒங்களுக்குத்தான் புண்ணியம். எங்க புள்ள ரெண்டு வருசமா நல்லதண்ணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா கெடந்து சீரழியிறா. இங்க ஒரு எடம் காலியானா போதும், அவள கொண்டு வந்துரலாம்னாரு.”

அவர் கள்ளம் இல்லாமல்தான் சொன்னார். ஆய்ந்த கீரையில் கொஞ்சத்தை எனக்குக் கட்டித் தந்தார். நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் கூட்டாளியைப் பிடித்தேன். “அந்தக் கடிதாசிய வாபஸ் வாங்குடா. எல்லாம் என் கிறுக்கு.”

“குடுத்தது குடுத்ததுதான் மச்சான். விசாரணைக்கு வருவாங்க. அப்ப சொல்லிக்க.” என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

கல்வி ஒப்பீஸிலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். பள்ளி அதிபரின் அறையில் டீச்சர் ஒரு பக்கம், நானும் கூட்டாளியும் ஒரு பக்கம். அதிகாரி கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். வாசிக்கத்தான் எனக்குத் தெரியாது. யாராவது வாசித்தால் ஒரு சொல் விடாமல் விளங்கும். இந்த ஆசிரியை பாடம் நடத்துவதில்லை. பிள்ளைகளைத் தரையில் படுக்கப்போட்டு உடம்பில் கிறுக்குகிறார். பெற்றோர் பிள்ளைகளை அனுப்பப் பயப்படுகிறார்கள். உடனடியாக வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டும். இரண்டு பக்கத்திலும் விளக்கம் கேட்டு ஒரு வரி இல்லை.

டீச்சர் என்னைத்தான் பார்த்தார். “அண்ணே, நீங்கதான் அன்னைக்கு வந்து ஒக்காந்து பாத்தீங்களே?”

“கடிதாசியில இருக்கிறது பொய் சார்,” என்றேன். “டீச்சர் மேல ஒரு பிழையும் இல்ல. நான்தான் பயந்து ஒளறினேன்.”

அதிகாரி தாளைத் திருப்பிக் காட்டினார். இது உங்கள் கையெழுத்துத்தானே என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். எனக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்த மற்றப் பதினாறு பேரில் ஒருவரும் அன்றைக்கு வரவில்லை.

கூட்டாளி தொண்டையைச் செருமினார். “ஒரு தகப்பன் வந்து அழுதா நான் என்ன செய்ய சார்? அவர் சொன்னதத்தான் எழுதினேன்.”

அழுதது உண்மை. எதற்கும் பகிடி வைத்திருக்கிற வாய், தேவைப்பட்ட அன்றைக்கு உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் அடுத்த தவணை தொடங்குவதற்குள் டீச்சருக்கு வலப்பனைப் பக்கம் மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு என் கூட்டாளியின் மகள் வந்தாள்.