ஆளில்லாமல் நிற்கக் கூடாத கப்பல்

ஒல்லியாக இருப்பதால்தான் அவருக்குக் 'கயிறு அண்ணன்' என்று பெயர் வந்ததாகப் பலரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. ஆடுகிற படகில் நின்றபடி அவர் வீசும் கயிறு முதல் வீச்சிலேயே கட்டையில் போய் மாட்டிக்கொள்ளும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்குத் தண்ணீர் கேன், காய்கறி, மருந்து, சிம் கார்டு என்று கொண்டுபோய்க் கொடுப்பது இருபத்திரண்டு வருஷமாக அவர் பிழைப்பு. பொழுது சாய்ந்தால் படகைக் கட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடையைக் கட்டிவிடுவார்.

அப்படிப்பட்ட மனுஷனை ஒரு காலிக் கப்பல் ஆட்டிப்படைத்தது.

அதன் கம்பெனி நொடித்துப்போய் விவகாரம் கோர்ட்டுக்குப் போயிருந்தது. கப்பலை அசைக்கக் கூடாது என்று உத்தரவு. பன்னிரண்டு பேரில் பத்துப் பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது கேப்டனும் சமையல்காரரும். "ரெண்டே வாரம், மாத்து ஆள் வந்துடும்" என்று, அதுவரை கப்பலுக்குப் பொறுப்பு என்று சமையல்காரரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கேப்டனும் இறங்கினார். அவரைக் கரை சேர்த்தது கயிறு அண்ணன் படகுதான். அந்த ரெண்டு வாரம் ஏழு மாசமாக இழுத்துக்கொண்டு போனது.

மாலுமிகள் நலச் சங்கம் கொடுக்கும் சாமான்களை ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு தடவை போவார். சரக்கு இல்லாத கப்பல் தண்ணீருக்கு மேல் எழும்பி, சுவர் மாதிரி நிற்கும். கீழே படகிலிருந்து பார்த்தால், மேலே கம்பியில் சாய்ந்து நிற்கும் சமையல்காரரின் முகம் எலுமிச்சம்பழம் அளவுதான் தெரியும். அவர் கயிற்றில் வாளி இறக்குவார். சாமான் மேலே போகும். பேச்செல்லாம் தொண்டை கிழியக் கத்தித்தான்.

"மாஸ்டர்! இன்னிக்கு என்ன சமையல்?"

"ஒருத்தனுக்குச் சமைக்கக் கை வரமாட்டேங்குது அண்ணே! பழக்கதோஷத்துல பன்னெண்டு பேருக்கு வடிச்சுட்டேன்!"

கப்பலில் மின்சாரம் கிடையாது. போனும் வாளியில்தான் இறங்கி வரும். கயிறு அண்ணன் வீட்டில் அது சார்ஜ் ஏறும்போது சமையல்காரரின் மனைவி கூப்பிடுவாள். கயிறு அண்ணனின் வீட்டுக்காரிதான் எடுத்துப் பேசுவாள். "நல்லா இருக்காராம்மா. இவரு இன்னிக்குக்கூடப் பார்த்துட்டு வந்தாரு." ஒருவரை ஒருவர் பார்க்காமலே இரண்டு பேரும் அக்கா தங்கை ஆகிவிட்டார்கள்.

ஆறாம் மாசம் ஒரு துருப்பிடித்த தகடு சமையல்காரரின் காலைக் கிழித்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு. முதல் வாரம் "சும்மா கீறல்" என்றார். அடுத்த வாரம் நொண்டினார். அதற்கடுத்த தடவை முகத்தையே காணோம். கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு வாளியை இறக்கியது.

"எழுந்து நிக்க முடியலை அண்ணே."

"ஏணியைப் போடுங்க, நான் ஏறி வர்றேன்!"

"ஏணி அறுந்து இப்ப பாதிவரைக்கும்தான் எட்டும். நானும் இறங்கக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன். இறங்கினா என்னைப் புடிச்சு உள்ள போடுவாங்க, உங்க படகையும் சேர்த்துத் தூக்கிடுவாங்க."

கயிறு அண்ணன் நேராகத் துறைமுக அதிகாரியிடம் போனார். அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, ஃபைலையும் எடுத்துப் பார்த்தார்.

"கப்பல்ல மாஸ்டர், அதான் கேப்டன், இருக்காருன்னு போட்டிருக்கே?"

"இருக்காரு சார். சமையல் மாஸ்டர்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயிறு அண்ணனுக்கு வரவில்லை.

"சார், நான் மேல போய் உட்கார்ந்துக்கறேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரட்டும்."

"உங்க லைசென்ஸ் படகுக்குத்தானே?"

"சும்மா உட்கார்றதுக்கு என்ன சார் லைசென்ஸ்?"

"படகுன்னா கட்டிப்போட்டுட்டு நீங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம். கப்பல் அப்படி இல்லைங்க. ஆள் இருந்தே ஆகணும். நங்கூரம் இழுத்துக்கிட்டு வேற கப்பல் மேல போய் மோதிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"அந்தக் காலை வச்சுக்கிட்டு அவரு மட்டும் நங்கூரத்தைப் புடிச்சு நிறுத்திடுவாரா சார்?"

அதிகாரி ஃபைலை மூடினார். "கோர்ட்டுக்கு எழுதறேன். என் கையில இருக்கிறது அவ்வளவுதான்."

அன்றிலிருந்து கயிறு அண்ணன் தினமும் போனார். துறைமுக டாக்டர் காலின் படத்தைப் போனில் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்த மாத்திரைகளை வாளியில் போட்டார். வாளி மேலே போக நாளுக்கு நாள் நேரமானது. சாப்பிடக்கூட உட்காராமல் வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பொண்ணு கேக்கறப்ப நான் என்னத்தச் சொல்றது? பேசாம கூட்டிட்டு வந்துடுங்க."

"எப்படிடி? தோள்ல தூக்கிட்டா?"

பத்தொன்பதாம் நாள், அவரை இறக்கலாம் என்று கோர்ட் உத்தரவு வந்தது. துறைமுகப் படகு போய், கூடையில் உட்காரவைத்து அவரை இறக்கியது. கயிறு அண்ணனைக் கிட்டே விடவில்லை. தூரத்தில் என்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே வரை காலை எடுத்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துத்தான் உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். ஏழு மாசப் பழக்கத்தில் அந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தாடை ஓரத்தில் ஒரு மச்சம் இருந்தது.

"அண்ணே, கத்தாமப் பேசறது ஒரு மாதிரியா இருக்கு" என்று சமையல்காரர் சிரித்தார். பிறகு கேட்டார், "கப்பல்ல இப்ப யாரு இருக்கா?"

யாரும் இல்லை. மாற்று ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று காலையில்தான் அதிகாரி சொல்லியிருந்தார். பதினைந்து நாளாகக் கப்பல் ஒரு ஆள்கூட இல்லாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. எதன் மேலும் மோதவில்லை.

கயிறு அண்ணன் போர்வை ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். "ஆள் போட்டுட்டாங்க மாஸ்டர்."

"அப்பாடா. சமைக்கத் தெரியுமாமா?"

"ஏதோ சுமாராத் தெரியுமாம்."

"பருப்பு டப்பா மேல் தட்டுல இருக்கு, கீழே தேட வேணாம்னு சொல்லிடுங்க."

"சொல்றேன்."

அடுத்த வாரம் சமையல்காரரின் மனைவி வந்து அழைத்துப் போனாள். ரயில் நிலையம்வரை கயிறு அண்ணனின் வீட்டுக்காரி கூடப் போய், அவள் கையை விடாமல் நின்றாளாம். கயிறு அண்ணன் போகவில்லை. வேறொரு கப்பலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டியிருந்தது.