கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய் சும்மா இருக்காது. பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் கம்பியோடும் கிரீஸோடும் மல்லுக்கட்டுகிற மனிதர். மேலே போகிறவர்களுக்கும் கீழே வருகிறவர்களுக்கும் உள்ளே ஓர் ஆள் இருப்பதே தெரியாது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் சனிக்கிழமை மாலையானால் மனைவியோடு நூலகத்து மாடிக்கு வாசகர் வட்டத்துக்குப் போவார். போனால் அடுத்தவரைப் பேச விடமாட்டார். புத்தகத்தைப் படித்தாரா என்று மட்டும் கேட்கக் கூடாது.

அன்றைக்கு எடுத்துக்கொண்ட புத்தகம் மனித குல வரலாறு.

"நாட்டு எல்லை, சட்டம் எல்லாமே நாம சேர்ந்து நம்புறதாலதான் இருக்கு. நம்புறதை நிறுத்திட்டா எல்லைங்கறது வெறும் மண்ணு," என்றார் வட்டத்தை நடத்தும் மருந்துக்கடை அம்மா.

மெக்கானிக் மூக்கை நுழைத்தார். "அப்போ நான் இல்லைன்னு எல்லாரும் நம்பிட்டா, நான் காணாமப் போயிடுவேனா?"

"பார்த்துட்டாப் போச்சு. எனக்கும் ஒரு பொழுது நிம்மதியா இருக்கும்," என்றாள் மனைவி.

அறையே சிரித்தது. அவர் இல்லை என்று நம்புவதாக எல்லோரும் கை தூக்கினார்கள். கூட்டத்தோடு கூட்டமாக அவரும் தூக்கித் தொலைத்தார்.

தேநீர் வந்தது, அவரைத் தாண்டிப் போனது. பலே, நன்றாகத்தான் நடிக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டார். மருந்துக்கடை அம்மாவின் கையிலிருந்த புத்தகத்தைத் தட்டிவிட்டார். கை தவறிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த அம்மா குனிந்து எடுத்தார். "இன்னைக்கு என்னமோ ரொம்ப அமைதியா இருக்கே," என்றார் யாரோ. ஒருவர் முகத்திலும் குறும்பு இல்லை.

வீட்டுக்குப் போகும் தெருவில் மனைவி இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தாள். "என்னங்க?"

"பின்னாடியேதான் வர்றேன்."

அவள் பார்வை அவரைக் கடந்து தெருமுனை வரை போய்த் திரும்பியது.

வீட்டில் இரண்டு தட்டு வைத்தாள். அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் சாப்பிடவில்லை.

"விளையாட்டு போதுங்க. வாய் தவறிச் சொல்லிட்டேன். எங்க இருந்தாலும் வந்துடுங்க."

குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. அவள் எப்போதோ அந்த விளையாட்டை விட்டுவிட்டாள். தான் இல்லை என்று தானும் சேர்ந்து கை தூக்கியது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பெயர் சொல்லிக் கத்தினார், தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் குளிருகிறாற்போல் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பிறகு எழுந்து போய் வாசல் கதவை விரியத் திறந்து வைத்தாள். தெரு தெரிகிற இடமாகப் பார்த்து, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தாள்.