குறைத்துக் கொடுத்த மெமரி

சின்னவள் ஊர் சுற்றக் கிளம்பிய திங்கட்கிழமை காலை, பெரியவளால் ரயில் நிலையம் வரை போக முடியவில்லை. வாசலிலேயே விடை கொடுத்தாள்.

"கூடப் பொறந்தவளை வழியனுப்பக்கூட நேரமில்லையாக்கா? அந்த சர்வர் செத்தா என்ன, பொழைச்சா என்ன?" முதுகுப்பையின் மேல் முழங்காலை ஊன்றி ஜிப்பை இழுத்துக்கொண்டே சின்னவள் கேட்டாள்.

"இன்னைக்குப் பொழைக்கலைன்னா நான் எழுதின சாஃப்ட்வேரை ஆஸ்பத்திரியிலேருந்து தூக்கிடுவாங்கடி."

"போ, போ. உன் சர்வரையே கட்டிக்கோ."

பெரியவள் மிகைப்படுத்தவில்லை. பரிசோதனைக் கூடத்து முடிவுகளை உடனுக்குடன் டாக்டர்களின் திரைக்குக் கொண்டுபோகும் அந்த மென்பொருளை அவள் பிள்ளை போல வளர்த்திருந்தாள். திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பட்டை இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வைத்ததும் அவள்தான். சில வாரங்களாக, நோயாளிகள் குவியும் காலை வேளையில் அது கல்லாகச் சமைந்து நின்றது. கூடத்தின் தலைவியான டாக்டரம்மா, "திங்கட்கிழமையும் நின்னுச்சுன்னா பழையபடி பேப்பர்தான்" என்று சொல்லிவிட்டார்.

சர்வர்களைக் கவனித்துக்கொள்பவருக்கு அலுவலகத்தில் வள்ளல் என்று பெயர். மெதுவாக இருக்கிறது என்று யார் வந்து நின்றாலும் மெமரியை அள்ளிக் கொடுப்பார். பெரியவளும் ஒவ்வொரு முறையும், "இன்னும் கொஞ்சம் குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்கியவள்தான்.

வினை அங்கேதான் இருந்தது. மெமரி என்பது வேலை செய்யும் மேசை. டிஸ்க், பக்கத்து அறை அலமாரி. அவளுடைய மென்பொருள் மேசை முழுக்கக் கடை பரப்பிவிட்டது. முடிவுகளைச் சேமித்துத் தேடித் தரும் தரவுத்தளமும் அதே இயந்திரத்தில்தான் ஓடியது; அதற்கு ஒரு காகிதம் வைக்கவும் இடமில்லை. எதற்கெடுத்தாலும் அலமாரிக்கு ஓட வேண்டியதாயிற்று. கூட்டம் கூடினால் ஓட்டமும் கூடியது.

"அண்ணா, குடுத்ததுல பாதிக்கு மேல திருப்பி எடுத்துக்கோங்க" என்றாள் அன்று வந்ததும்.

"என்னம்மா இது? மூச்சு திணறுதுன்னு வந்தவன் மூக்கைப் பொத்தச் சொல்ற!"

"லீவு நாள்ல சோதனை சர்வர்ல ஓட்டிப் பார்த்துட்டேன். ரொம்பக் குறைச்சா, வேலை முடிஞ்சு மேசையில விட்ட சொந்தக் குப்பையை அள்ளவே அதுக்கு நேரம் சரியாப் போயிடுது. பாதிக்குக் கொஞ்சம் கீழே வச்சாப் பறக்குது."

"கவுந்துச்சுன்னா?"

"என் பேரைச் சொல்லுங்க."

வள்ளல் முனகிக்கொண்டே மெமரி அளவை மாற்றி, சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பினார். பெரியவள் நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய் நின்றாள். அங்கே மேசை ஓரத்தில் பேப்பர் கட்டுகள் தயாராக அடுக்கப்பட்டிருந்தன.

கூட்டம் வந்தது. நர்ஸ் முடிவைக் கேட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு, வழக்கம்போலத் தேநீரை எடுத்தார். கோப்பை உதட்டுக்குப் போவதற்குள் முடிவு திரையில் வந்து நின்றது. அடுத்ததும் அப்படியே. நெரிசல் உச்சத்துக்குப் போன பிறகும் அப்படியே.

டாக்டரம்மா பேப்பர் கட்டுகளைக் காட்டி, "இதை ஏன் இங்க அடைச்சு வச்சிருக்கீங்க? எடுத்துட்டுப் போங்க" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. பெரியவளுக்கு அதுவே போதும். நிமிர்ந்த முதுகோடு அலுவலகத்துக்குத் திரும்பினாள்.

"இத்தனை நாள் குடுத்துப் பேர் வாங்கினேன். பறிச்சும் பேர் வாங்கலாம்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார் வள்ளல்.

அந்த ஆஸ்பத்திரி பிற்பாடு வெவ்வேறு ஊர்களில் கிளைகள் திறந்தது. எல்லாவற்றுக்கும் அவள் மென்பொருளே போனது. எங்கே எவ்வளவு மெமரி கொடுப்பது என்பதை அவளைக் கேட்காமல் யாரும் தொடுவதில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு பிற்பகல், இன்னும் ஊர் சுற்றிக்கொண்டு எப்போதாவது எழுதும் சின்னவளிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, காய்ச்சல். பயப்படாதே, இறங்கிடுச்சு. இந்த ஊர் ஆஸ்பத்திரியில டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தேன். டாக்டர் எதிர்ல நான் உட்கார்றதுக்குள்ள ரிசல்ட் அவர் ஸ்கிரீன்ல. ஓரத்துல நீ பிடிவாதமா வச்ச அதே மஞ்சள் பட்டை! நீ அன்னைக்கு வழியனுப்ப வராதது நல்லதாப் போச்சு. இது எங்க அக்கா செஞ்சதுன்னு சொன்னேன், அந்த ஆள் நம்பலை. உன் போட்டோ ஒண்ணு உடனே அனுப்பு. காட்டிட்டுத்தான் இங்கேருந்து கிளம்புவேன்."